நியோவிமில் பழைய கொப்பிகளைத் திரும்ப எடுப்பது எப்படி?

வணக்கம் உறவுகளே, வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மும்மொழிப் படிவங்கள் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் வேலை. உபுண்டுவில் நியோவிம் என்ற எடிட்டரைப் பாவிக்கிறேன்.

கடைசியாகக் கொப்பி பண்ணியதை நியோவிம் பூச்சியம் என்ற பதிவகத்தில், அதாவது கொப்பிகள் தங்கும் பெட்டியில், வைத்திருக்கும். அழித்த வரிகள் 1 முதல் 9 வரையான பதிவகங்களில் நகர்ந்துகொண்டே போகும். ஆனால் கடைசிக்கு முந்திய கொப்பி போனால் போனதுதான். அதனால் பழைய கொப்பிகளைப் பட்டியலாக வைத்திருக்கும் யாங்கி என்ற செருகுநிரலைப் போட்டேன். ஒட்டிவிட்டு கொன்ட்ரோல் பி அழுத்தினால் முந்தியது அதே இடத்தில் வருகிற மாதிரி அமைத்திருக்கிறேன். எடிட்டருக்குள் அருமையாக வேலை செய்கிறது.

சிக்கல் வெளியே இருந்து எடுக்கும்போதுதான். நேற்று பிரவுசரில் ‘நம’, ‘லிபினய’, ‘அத்சன’ என்ற மூன்று சிங்களச் சொற்களை வரிசையாகக் கொப்பி பண்ணிவிட்டு நியோவிமுக்கு வந்தேன். யாங்கியின் பட்டியலில் ‘அத்சன’ மட்டும்தான் இருந்தது. நியோவிமுக்குத் திரும்பும் நேரத்தில்தான் யாங்கி கிளிப்போர்டைப் பார்க்கிறது, இடையில் வந்தவை அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் போய்ப் போய் வருவதில் பாதி நாள் போய்விடுகிறது. சிங்களச் சொல் ஒன்று மாறி விழுந்தால் படிவம் திரும்பி வரும், அந்தப் பயமும் இருக்கிறது.

விண்டோசில் வின் விசையோடு வி அழுத்தினால் பழைய கொப்பிகளை 25 வரை காட்டும். இங்கே அதே மாதிரிக் கொப்பிகளைச் சேர்த்து வைக்கும் கொப்பிகியூ என்ற மென்பொருளைப் போடலாம் என்று யோசிக்கிறேன். அதன் பட்டியலை நியோவிமுக்குள்ளேயே தேடி ஒட்டுகிற மாதிரி யாராவது இணைத்திருக்கிறீர்களா? உபுண்டுவின் திரையமைப்பு வேலண்டாக இருந்தால் கொப்பிகியூ ஒழுங்காகப் பிடிக்குமா, பழைய திரையமைப்பான எக்ஸ் 11க்கு மாற வேண்டுமா? நியோவிமுக்கு நீங்கள் லுவா மொழியில் எழுதிய அமைப்பை அப்படியே போட்டாலும் போதும், பார்த்துச் செய்துகொள்வேன்.