எல்விடி யூனிட் ஒன்று டாங்கியாகிவிடுகிறது, இல்லையென்றால் பிணமாகிவிடுகிறது. தராவா காட்சிக்கு உதவி தேவை

ஹெக்ஸ்கிறுக்கன்:
வணக்கம் நண்பர்களே. கோடாட் 4 (விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்) கொண்டு பசிபிக் போரை வைத்து டர்ன் முறை விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். வார இறுதிப் பொழுதுபோக்குதான். முதல் காட்சி தராவா: 1943 நவம்பர் 20, ஜப்பானியர்கள் பிடித்துவைத்திருந்த பெட்டியோ தீவில் அமெரிக்கர்கள் இறங்கிய நாள். ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 200 மீட்டர், ஒரு டர்ன் 10 நிமிடம், காட்சி மொத்தம் 30 டர்ன்.

சிக்கல் எல்விடியில். தண்ணீரிலும் தரையிலும் ஓடும் அந்தச் சங்கிலிச்சக்கர வண்டி. ஒரு யூனிட்டுக்கு 4 வண்டி. இரண்டு பரப்பிலும் போகலாம் என்று அனுமதி கொடுத்தேன், அவ்வளவுதான். என் தம்பி நாலே டர்னில் ஆட்டத்தை உடைத்துவிட்டான். 6 யூனிட்டைத் தீவைச் சுற்றி ஓட்டித் தெற்குக் கரையில் ஏற்றி, அப்படியே விமான ஓடுதளத்தைப் பிடித்துவிட்டான். ஒரு சிப்பாய்கூட வண்டியை விட்டு இறங்கவில்லை.

சரி என்று கவசத்தை 4-லிருந்து 1-க்குக் குறைத்தேன். இப்போது கரை சேர்வதற்குள் எல்லாம் காலி. அவன் எல்விடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விலை குறைந்த எல்சிவிபி (ஆளைக் கரையில் இறக்கும் சாதாரணப் படகு) படகுகளையே வாங்குகிறான்.

இப்போதைய எண்கள்: தண்ணீரில் 8 ஹெக்ஸ், தரையில் 12, தாக்குதல் 5, கவசம் 1. எதைத் திருப்பினால் சரியாகும்?

நள்ளிரவுகோடர்:
ப்ரோ, இவ்வளவு சிரமம் எதற்கு? சிவிலைசேஷன் 5 விளையாட்டு மாதிரி செய்துவிடுங்கள். காலாட்படை கடலில் இறங்கினால் தானாகவே படகாகிவிடும். எல்விடி என்று தனி யூனிட்டே வேண்டாம்.

பழையவரைபடம்:
கண்டம் விட்டுக் கண்டம் போகும் ஆட்டத்துக்கு அது சரி. 200 மீட்டர் ஹெக்ஸில் தராவாவை வைத்துவிட்டு அந்த வண்டியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஹெக்ஸ்கிறுக்கன், எண்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு கேள்வி: உங்கள் வரைபடத்தில் எல்சிவிபி பவளப்பாறை ஹெக்ஸைத் தாண்டுகிறதா? தாண்டுகிறது என்றுதான் படுகிறது, இல்லையென்றால் உங்கள் தம்பி அதை வாங்கமாட்டார். கோளாறு அங்கேதான். அந்தப் படகு சுமையோடு போக ஏறக்குறைய 4 அடி தண்ணீர் வேண்டும். அன்று காலை பாறைமேல் இருந்தது 3 அடி, சில இடங்களில் அதைவிடக் குறைவு. படகுகள் பாறை விளிம்பில் தட்டி நின்றன. வீரர்கள் இறங்கி 500, 600 மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள், எதிரே இயந்திரத் துப்பாக்கி. உங்கள் கணக்கில் அது 3 ஹெக்ஸ். முழங்கால், இடுப்பு ஆழத்தில் ஒரு டர்னுக்கு ஒரு ஹெக்ஸ் போனாலே பெரிது.

எல்விடிக்குப் பாறை ஒரு பொருட்டே இல்லை. சங்கிலி பிடித்து ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். அதற்கு நீங்கள் விலை வைக்கவேண்டியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். இதன் மூல வண்டியை டொனால்ட் ரோப்ளிங் 1930-களில் செய்தது ஃபுளோரிடா சதுப்புநிலத்தில் புயலில் மாட்டியவர்களை மீட்க. அமெரிக்க மரைன் படையினரும் முதலில் அதைச் சரக்கு வண்டியாகத்தான் வாங்கினார்கள். குவாடல்கனால் தீவுப் போரில் சாமான்தான் ஏற்றியது. எதிரி சுடும் கரைக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போனது தராவாவில்தான் முதல் தடவை. இருந்ததும் 125 வண்டி. முதல் மூன்று தாக்குதல் அலைகளுக்குத்தான் காணும்; நாலாவது அலையிலிருந்து படகுதான்.

(ஒரு இடைச்செருகல்: அந்த ஊர்க்காரர்கள் பெட்டியோ என்று சொல்வதில்லை, ‘பேசோ’ என்பார்கள். அவர்கள் எழுத்தில் ‘டி ஐ’ சேர்ந்தால் ‘ஸ’ ஒலி. அந்தத் தீவு இப்போது இருக்கும் கிரிபாட்டி நாடு கிரிபாஸ் ஆவதும் அப்படித்தான்.)

துடுப்பு:
ஓதம் பற்றி நான் சொல்கிறேன் தம்பி, நான் கடற்கரை ஊர்க்காரன். நீ ஒவ்வொரு டர்னுக்கும் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் எழுத உட்கார்ந்திருப்பாய். வேண்டாம். அந்த நவம்பர் 20 தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமி, நவமிக்குச் சோம்பேறித்தனமாகக் கிடக்கும். போதாக்குறைக்கு நிலா பூமியை விட்டுத் தூரமாக இருந்த சமயம். மறுநாள் மதியம்தான் படகு தாண்டுகிற அளவுக்குத் தண்ணீர் வந்தது. உன் 30 டர்ன் ஐந்து மணி நேரம்தானே? முழுக் காட்சிக்கும் ஒரே எண் போதும்.

அந்த எண்ணை ஆட்டக்காரனுக்குக் காட்டாதே. தொடக்கத்தில் 3-லிருந்து 5 அடிக்குள் ஒரு பகடை உருட்டி வைத்துக்கொள். தண்ணீர் ஏறாமல் போகலாம் என்று அன்றைய அதிகாரிகளுக்கும் எச்சரிக்கை போயிருந்தது; 5 அடி இருக்கும் என்று நம்பித்தான் வந்தார்கள். எத்தனை எல்விடி, எத்தனை படகு என்று உன் தம்பி முதல் டர்னுக்கு முன்பே முடிவு செய்யட்டும். அப்புறம் பார்.

ஹெக்ஸ்கிறுக்கன்:
துடுப்பு அண்ணா, அஷ்டமி கணக்கு அருமை. நேற்று இரவே மாற்றிவிட்டேன். எல்சிவிபி-க்கு 4 அடி, பாறையில் பகடை. பகடையில் 3 விழுந்ததும் தம்பியின் படகுகள் எல்லாம் விளிம்பில் வரிசையாக நின்றன. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

ஆனால் பாதிதான் தீர்ந்தது. கவசத்தை 2 ஆக்கினேன். கரையைத் தொட்ட எல்விடி இன்னும் டாங்கி வேலைதான் பார்க்கிறது.

பழையவரைபடம்:
தீவின் அளவைப் பாருங்கள். நீளம் 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலமான இடத்தில் 700 மீட்டர். உங்கள் ஹெக்ஸில் அகலம் மூன்றரை. தரையில் 12 ஹெக்ஸ் கொடுத்தால் ஒரே டர்னில் குறுக்கே மூன்று தடவை கடந்துவிடலாம்! சாலையில் அந்த வேகம் உண்மைதான். பள்ளமும் பதுங்குகுழியும் விழுந்த தென்னைமரமும் கிடக்கிற இடத்தில் 2 கொடுங்கள், அதுவே தாராளம்.

அடுத்தது சுவர். வடக்குக் கரை நெடுக ஜப்பானியர்கள் தென்னந்தடிகளால் ஏறக்குறைய 4 அடி உயரத்தில் சுவர் வைத்திருந்தார்கள். பெரும்பாலான எல்விடிகளால் அதைத் தாண்ட முடியவில்லை. அதை ஹெக்ஸாக வரையாதீர்கள், இரண்டு ஹெக்ஸுக்கு நடுவே உள்ள கோடாக வையுங்கள். எல்விடி அதற்கு முன்னால் நிற்கும். ஆள் இறங்கி ஏறிப் போகவேண்டும், அல்லது உடைப்பு இருக்கிற இடத்தைத் தேடவேண்டும்.

இறங்குவதற்கும் விலை உண்டு. தராவாவில் இருந்த எல்விடி-1, எல்விடி-2 இரண்டிலும் பின்கதவு கிடையாது. பக்கவாட்டுச் சுவரில் ஏறிக் குதிக்கவேண்டும், முதுகெல்லாம் வெளியே தெரியும். இறங்குகிற டர்னில் வண்டியில் வந்த பிளாட்டூனின் (சிறு படைப்பிரிவு) தற்காப்பைப் பாதியாக்குங்கள். எஞ்சினை முன்னால் தள்ளிப் பின்னால் சாய்கதவு வைத்தது எல்விடி-4-ல். பின்னால் சைப்பான் தீவுக் காட்சி செய்தால் அதில் இந்தத் தண்டனையை எடுத்துவிடலாம்.

சைப்பான் என்றதும் ஞாபகம் வருகிறது. 1944 ஜூனில் அங்கே உங்கள் தம்பியின் திட்டத்தையே நிஜமாகப் போட்டார்கள்: கரையில் இறங்காமல் வண்டியிலேயே முக்கால் மைல், ஒரு மைல் உள்ளே போவது. சதுப்பும் மேடும் குண்டும் சேர்ந்து பெரும்பாலான வண்டிகளைக் கரையருகிலேயே நிறுத்திவிட்டன. பீரங்கி பொருத்திய வகைகள்கூட டாங்கிக்கு மாற்றாகவில்லை, தகடு அவ்வளவு மெல்லியது.

தெற்குக் கரையில் கண்ணிவெடி வைக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். தாக்குதல் வரும் என்று ஜப்பானியர்கள் எதிர்பார்த்த பக்கம் திறந்த கடல் பக்கம். வடக்கே காயல் வழியாக அமெரிக்கர்கள் போனதே அதனால்தான்.

ஹெக்ஸ்கிறுக்கன்:
சுவரைக் கோடாக வைத்ததில் ஆட்டமே வேறாகிவிட்டது. கோடி நன்றி. தரைத் தாக்குதலையும் 5-லிருந்து 2-க்குக் குறைத்தேன், இயந்திரத் துப்பாக்கி மட்டும்தானே.

ஆனால் புதுத் தலைவலி. அமெரிக்கத் தரப்பை ஏஐ ஆடும்போது பாறை, கண்ணிவெடி, சுவர் எதையும் மதிக்காமல் நேர்கோட்டில் போய் முட்டுகிறது. கோடாட்டில் வழி கண்டுபிடிக்கும் ஏஸ்டார்2டி-யை நீட்டித்து, ஒரு ஹெக்ஸிலிருந்து அடுத்ததற்குப் போகும் செலவைச் சொல்லும் கம்ப்யூட் காஸ்ட் செயல்கூற்றை எழுதியிருக்கிறேன். ஆழ்கடல் 1, பாறை 3, சுவர் 9, கண்ணிவெடி 20. அச்சிட்டுப் பார்த்தேன், எண்கள் சரியாகத்தான் வருகின்றன.

நள்ளிரவுகோடர்:
இது நம்ம ஏரியா ப்ரோ. இலக்குவரை இன்னும் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடும் எஸ்டிமேட் காஸ்ட்டையும் எழுதினீர்களா, இல்லை சும்மா விட்டுவிட்டீர்களா?

ஹெக்ஸ்கிறுக்கன்:
சும்மாதான் விட்டேன். அது வேகத்துக்காக மட்டும் என்று நினைத்தேன்.

நள்ளிரவுகோடர்:
பிடிபட்டது. புள்ளிகளைச் சேர்க்கும்போது திரையின் பிக்சல் இடத்தைத்தானே கொடுத்தீர்கள்? ஒரு ஹெக்ஸ் 64 பிக்சல் என்று வையுங்கள். 20 ஹெக்ஸ் தள்ளியிருக்கும் இலக்குக்கு இயல்பான மதிப்பீடு 1280 என்று வரும். உங்கள் உண்மைச் செலவு 1, 3, 9. ஆயிரத்துக்கு முன்னால் ஒன்பதை யார் கவனிப்பார்கள்? இலக்குக்குக் கிட்டே போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. சுற்றுவழி இருப்பதே அதற்குத் தெரியாது.

எஸ்டிமேட் காஸ்ட்டில் ஹெக்ஸ் தூரத்தை எடுத்து, உங்கள் ஆகக் குறைந்த செலவான 1-ஆல் பெருக்கித் திருப்பி அனுப்புங்கள். மதிப்பீடு உண்மைச் செலவை ஒருபோதும் தாண்டக்கூடாது. எல்விடிக்கும் படகுக்கும் தனித்தனி ஏஸ்டார் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே வைத்து எடையை மாற்றி மாற்றி விளையாடினால் நடுராத்திரியில் அழுவீர்கள். அனுபவம்.

ஹெக்ஸ்கிறுக்கன்:
தீர்ந்தது! இரண்டே வரி. ஏஐ இப்போது காயலுக்குள் நுழைந்து தெற்கே திரும்பி, சுவரில் உடைப்பு இருக்கும் ஹெக்ஸைத் தேடிப் போகிறது.

கடைசி எண்கள், யாருக்காவது பயன்படும்: தண்ணீரில் 6 (வண்டிகள் அன்று நேரத்துக்கு வரவே இல்லை என்று படித்ததால் 8-ஐக் குறைத்தேன்), தரையில் 2, தாக்குதல் 2, கவசம் 2, இறங்கும் டர்னில் தற்காப்பு பாதி.

துடுப்பு:
தம்பி என்ன சொல்கிறான்?

ஹெக்ஸ்கிறுக்கன்:
நேற்று பகடையில் மறுபடி 3. நாலாவது அலை விளிம்பில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கரையில் ஆளை இறக்கிவிட்டுச் சும்மா நின்ற இரண்டு எல்விடிகளைத் திரும்பப் பாறைக்கு ஓட்டி, படகில் இருந்தவர்களை மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தான். அதை நான் அவனுக்குச் சொல்லவே இல்லை.

பழையவரைபடம்:
அன்று மிஞ்சிய வண்டிகளும் அதைத்தான் செய்தன. திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயின. அதற்கும் ஒரு பொத்தான் வையுங்கள்.