புதுப்பிப்பு: ஜேர்மனியில் பிறந்த தங்கையின் குழந்தைக்குப் பதிவு கிடைத்தது

போரின் இறுதிக் கட்டத்தில் தங்கையின் கணவரான மைத்துனரின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோனதால், ஜேர்மனியில் தங்கைக்குப் பிறக்கவிருந்த குழந்தையை எவ்வாறு பதிவது என்று கிளிநொச்சியிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பெண்குழந்தை நலமாகப் பிறந்துள்ளது. பதில் எழுதிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அங்கே பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால் மிகவும் பதறியிருந்தோம். ஆனால் பெற்றோரின் அடையாளம் ஆவணங்களால் முழுமையாக உறுதிப்படாத நிலையிலும் பிறப்பைப் பதிந்து, சான்றிதழுக்குப் பதிலாகப் பதிவேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை வழங்குகிறார்கள். அதுவும் சட்டப்படி செல்லுபடியாகும். இதற்கிடையில் பிரதேச செயலகத்தில் மைத்துனரின் பழைய பதிவு அகப்பட்டது. பிரதி எடுத்து, யாழ்ப்பாணத்திலுள்ள வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அலுவலகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பிவிட்டேன்.

அம்மாவின் கவலை வேறு. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் கறி வைத்துக் கொடுக்கவும், 31ஆம் நாள் துடக்குக் (பிறப்புத் தீட்டு) கழிக்கவும் தங்கைக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் உறங்காமல் இருந்தார். நம் ஊரில் குடும்பநல உத்தியோகத்தர் (அரச மருத்துவிச்சி) வீடு தேடி வருவதைப்போல அங்கும் மருத்துவிச்சி வருகிறார். முதல் 10 நாட்கள் தினமும் வரலாம், 12 வாரங்கள்வரை தொடரலாம், செலவை அரச சுகாதாரக் காப்புறுதி ஏற்கிறது. இதை அறிந்த பிறகே அம்மா ஆறுதலடைந்தார்.

இலங்கைக் குடியுரிமை வேண்டுவோர் ஓராண்டுக்குள் குழந்தையைப் பதிய வேண்டும். குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் தாய் வழியாகவும் அது கிடைக்கும். பெர்லின் தூதரகத்துக்கான ஆவணங்களை இப்போது சேர்த்துவருகிறோம்.