லவ் பேர்ட்ஸ் ஆணுக்கு அலகு நீண்டு வளையுது, வாயோரம் வெள்ளைப் பொருக்கு: வெட்டலாமா?

கரூர்க்கூண்டு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். 3 அடி நீளக் கூண்டில் 2 ஜோடி பட்ஜி இருக்கு (கடைகளில் லவ் பேர்ட்ஸ்னு விக்கிறதுதான்). தீனி தினையும் சூரியகாந்தி விதையும். கடல் நுரை (கணவாய் ஓடு) தொங்குது, அதிகம் கொத்துறதில்லை.

பச்சை ஆண், வயசு சுமார் 3. மேல் அலகு நீண்டு தொண்டைப் பக்கம் வளைஞ்சு போகுது. வாயோரத்திலும் மூக்குச் சதையைச் சுத்தியும் சாம்பல் கலந்த வெள்ளைப் பொருக்கு. கால்லயும் லேசா இருக்கு. சாப்பிடுது, ஆனா விதை உரிக்கத் தடுமாறுது. எடை 34 கிராம்.

மஞ்சள் பெட்டை நாள் முழுக்கத் தீனிக் கிண்ணத்துலயே நிக்குது. ஆனாலும் நெஞ்செலும்பு விரல்ல குத்துது. எச்சத்துல முழுசா தினை வருது. எடை 26 கிராம்.

கடைக்காரர் சொன்னது மூணு: நகவெட்டியால அலகு நுனியை வெட்டணும், ஆட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசி மருந்து ஒரு சொட்டு வாயில விடணும், தண்ணியில மஞ்சள் பவுடர் கலந்து வைக்கணும். இதுல எதைச் செய்யலாம்?

---

தினைக்கொல்லை

மூணுமே வேண்டாம் சார். காரணம் சொல்றேன்.

முதல்ல ஆணைப் பார்ப்போம். பட்ஜி அலகு ஆயுசு முழுக்க வளர்ந்துகிட்டே இருக்கும், கொறிச்சுத் தேய்ச்சு அளவா வெச்சுக்கும். திடீர்னு நீளுதுன்னா வளர்ற இடத்துல ஏதோ கோளாறு. உங்க விவரத்துக்குப் பொருந்துறது முகச்செதில் நோய். கண்ணுக்குத் தெரியாத ஒரு மைட் (உண்ணி இனத்து நுண்பூச்சி), தோலையும் அலகையும் துளைச்சு அதுக்குள்ளேயே வாழும், அங்கேயே பெருகும். அலகு உருவாகுற அடிப்பகுதியை அது கெடுக்கிறதாலதான் அலகு கோணலாவோ நீளமாவோ வருது.

உறுதிப்படுத்த ஒரு வழி: பகல் வெளிச்சத்துல போனை மேக்ரோவுல வெச்சு வாயோரத்தைப் படம் எடுங்க. பெரிசாக்கிப் பார்த்தா பொருக்கு முழுக்க ஊசித்துளை மாதிரி நுண்ணிய ஓட்டைகள் தெரிஞ்சா அனேகமா மைட்தான். கீரை, பழம் காய்ஞ்சு ஒட்டினதுன்னா துளை இருக்காது, ஈரத்துணியில துடைச்சா வந்துடும். டாக்டர் லேசா சுரண்டி மைக்ராஸ்கோப்புல பார்த்துச் சொல்லிடுவார்.

ஆனா சூரியகாந்தி விதைன்னு சொன்னதால இன்னொண்ணையும் விடக்கூடாது. கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்தாலும் அலகும் நகமும் கூடச் சேர்ந்து நீளும். அப்போ பொருக்கு வராது. அதுக்குப் பதிலா அலகுலயோ நகத்துலயோ ரத்தம் கட்டின மாதிரி கருஞ்சிவப்புப் புள்ளி இருக்கும், எச்சத்தோட வெள்ளைப் பகுதி மஞ்சளாவோ பச்சையாவோ மாறியிருக்கும். ரெண்டும் ஒரே பறவைக்கு வரவும் செய்யும். நகத்தையும் எச்சத்தையும் பார்த்துட்டு எழுதுங்க.

நகவெட்டி ஏன் கூடாதுன்னா, அலகுக்குள்ள ரத்தக்குழாயும் நரம்பும் இருக்கு. நீண்ட அலகுல ரத்தக்குழாயும் கூடவே நீண்டிருக்கும். நகவெட்டி ரெண்டு பக்கமும் அழுத்துறப்போ அலகு நெடுக்குவாட்டுல பிளந்துடும். 34 கிராம் பறவைக்கு உடம்புல மொத்த ரத்தமே சுமார் 3.5 மில்லிதான். 7 சொட்டு போனாத் தாங்கும், 20 சொட்டு போனா உயிருக்கே ஆபத்து.

---

ஈரோடு பறவைநேசன்

இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்? செக்கு தேங்காயெண்ணெய் தினமும் பொருக்கு மேல தடவுங்க, ரெண்டு வாரத்துல உதிர்ந்துடும்.

---

மருந்துக்கணக்கு

எண்ணெய் பொருக்கை இளக்கும், மேலாக இருக்கும் மைட்டுக்கு மூச்சையும் அடைக்கும். அந்த அளவுக்கு உண்மை. ஆழத்தில் துளைத்துப் போனதை அது எட்டாது, காலிலும் இருப்பதால் இந்தப் பறவைக்கு எண்ணெய் மட்டும் போதாது. தடவினால் காதுக்குச்சி நுனியால் பொருக்கின் மேல் மட்டும், மூக்குத்துளையில் இறங்காமல். இறகில் படிந்தால் இறகு உடலோடு ஒட்டி, குளிரைத் தடுக்க முடியாமல் போகும். பொருக்கை நகத்தால் பிய்க்காதீர்கள். அடியில் பச்சைப் புண்தான் மிஞ்சும்.

இப்போது அந்த “ஒரு சொட்டு” விஷயம். இந்த நோய்க்கு மருந்து ஐவர்மெக்டின்தான், கடைக்காரர் பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அளவில்தான் பறவை செத்துப்போகும். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 34 கிராம் பறவைக்கு அது சுமார் 7 மைக்ரோகிராம். ஆட்டு ஊசி மருந்து 1 சதவீதம், அதாவது 1 மில்லியில் 10,000 மைக்ரோகிராம். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால் 500 மைக்ரோகிராம். தேவையைப் போல 70 மடங்கு.

டாக்டர்கள் இதை 100 மடங்கு நீர்க்கச் செய்வார்கள்: 0.1 மில்லி மருந்தை 9.9 மில்லி புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பானில் கலந்தால் 1 மில்லிக்கு 100 மைக்ரோகிராம் வரும், அதில் 0.07 மில்லி போதும். இன்சுலின் சிரிஞ்சில் அது 7 யூனிட் கோடு (100 யூனிட் 1 மில்லி என்ற சிரிஞ்சில்). தண்ணீரில் கலந்தால் மருந்து சரியாகக் கரையாது. ஒரு சொட்டில் ஒன்றுமே இருக்காது, அடுத்த சொட்டில் மொத்தமும் இருக்கும். பட்ஜிக்கு இதை ஊசியாகப் போடவே கூடாது, பிடரி இறகை விலக்கித் தோலில் விடுவது அல்லது வாய்வழி. நீங்களே கலக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பறவை பார்த்துப் பழக்கமில்லாத இடத்தில் யாராவது நேரடியாகப் பாட்டிலிலிருந்து விட வந்தால் தடுக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஒரு தடவையோடு முடியாது. 10 முதல் 14 நாள் இடைவெளியில் 2 அல்லது 3 முறை. கூண்டில் உள்ள நான்குக்கும் சேர்த்து, பொருக்கு இல்லாததற்கும்தான். பெட்டைக்கு 26 கிராம்தான் என்பதால் அதற்குத் தனிக் கணக்கு, உடம்பு தேறும்வரை தள்ளிப்போடலாமா என்று டாக்டர் சொல்லட்டும். மரக்குச்சிகளை எரித்துவிட்டுப் புதிதாக வேப்பங்குச்சியோ கொய்யாக்குச்சியோ போடுங்கள், ஒரே தடிமனில் இல்லாமல். இந்த மைட் மனிதருக்கு வராது.

அலகைக் குறைப்பது மைட் அடங்கிய பிறகு. டாக்டர் சின்ன மோட்டார் அரத்தால் தேய்ப்பார். இடைப்பட்ட காலத்தில் உரிக்க முடியாமல் பட்டினி கிடக்காதபடி, உமி நீக்கிய தினையும் ஊறவைத்து முளைகட்டிய கம்பும் வையுங்கள். பறவையைப் பிடிக்கும்போது தலையை இரு விரலுக்கு நடுவில் பிடித்து உடம்பைத் தளர்வாக விடுங்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும்.

---

தினைக்கொல்லை

பெட்டை பத்தி யாரும் பேசலையே. எனக்கு ஆணை விட அதுதான் அவசரமாப் படுது.

தின்னுகிட்டே இருக்கு, இளைக்குது, எச்சத்துல முழுத் தினை. பட்ஜியில இந்த மூணும் சேர்ந்து வந்தா முதல் சந்தேகம் மேக்ரோராப்டஸ். பழைய ஆட்கள் மெகாபாக்டீரியான்னு சொல்வாங்க, உண்மையில அது பாக்டீரியாவே இல்லை, ஒரு வகை ஈஸ்ட். இரைப்பை உட்சுவர்ல குடியேறி செரிமானத்தைக் கெடுக்கும். கிண்ணத்துல நிக்கிற பறவை நிஜமாத் தின்னுதான்னும் பாருங்க. சிலது விதையை உரிச்சு அப்படியே கீழே போடும், பார்க்கிறவங்களுக்கு நல்லாத் தின்ற மாதிரி இருக்கும். வாந்தி எடுத்துத் தலையிறகு பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா ட்ரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணியும் பட்டியல்ல வரும், அதுக்கு மருந்து வேற.

அதனாலதான் மஞ்சள் பவுடர் வேண்டாம்கிறேன். கடையில அந்தப் பேர்ல குடுக்கிறது பெரும்பாலும் டெட்ராசைக்ளின் வகை, அதாவது பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். ஈஸ்ட்டை அது ஒண்ணும் செய்யாது. நாலு துளி குடிக்கிற பறவை, தண்ணி கசந்தா அதையும் குடிக்காது. போதாக்குறைக்கு கடல் நுரையில இருக்கிற கால்சியம் மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும். மிச்சமிருக்கிறது மஞ்சள் தண்ணி மட்டும்தான்.

செய்ய வேண்டியது: பெட்டையைத் தனிக் கூண்டுல மாத்துங்க. தரையில வெள்ளைத்தாள் போட்டு, விழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ள எச்சத்தை மூடிபோட்ட டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. புதுசா இருந்தாத்தான் மைக்ராஸ்கோப்புல நீளக்குச்சி மாதிரி உயிரிகள் தெளிவாத் தெரியும். ஒரு தடவை இல்லைன்னு வந்தாலும் நோய் இல்லைன்னு அர்த்தமில்லை, விட்டு விட்டுத்தான் எச்சத்துல வரும். மருந்து ஆம்போடெரிசின் பி, நேரா வாய்க்குள்ள, ஒரு நாளைக்கு 2 வேளை, 2 வாரத்துலேர்ந்து ஒரு மாசம் வரைக்கும். மத்த மூணுக்கும் எச்சம் சோதிக்கணும், ஒரே கிண்ணத்துல தின்னா பரவும்.

தினம் காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னால 1 கிராம் வரை காட்டுற தராசுல எடை போட்டு எழுதி வைங்க. இறகு மறைக்கிறதால கண்ணுக்கு இளைப்புத் தெரியாது. 3 கிராம் குறைஞ்சா பத்துல ஒரு பங்கு உடம்பு போயிருச்சுன்னு அர்த்தம்.

தனிக்கூண்டுல ஒரு பக்கம் மட்டும் சூடு, 28 முதல் 30 டிகிரி. குண்டு பல்பு 60 வாட் கூண்டுக்கு வெளியே. எல்இடி பல்புல சூடு வராது, சிலர் அதை மாட்டிட்டு ராத்திரி முழுக்கப் பறவையைக் குளிர்ல உட்கார வெச்சுடுறாங்க. மே மாசக் கரூர்ல பல்பே வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு விட்டு இறக்கையை உடம்புலேர்ந்து தள்ளி வெச்சுக்கிட்டா சூடு அதிகம்னு அர்த்தம்.

---

கரூர்க்கூண்டு

ரொம்ப நன்றி. ஆணோட வாயோரத்துல துளைத்துளையாத்தான் தெரியுது. நகத்துல கரும்புள்ளி இல்லை, எச்சம் வெள்ளையாத்தான் இருக்கு. நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு ரெண்டையும் நாளைக்குக் கொண்டுபோறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். மஞ்சள் பெட்டைக்கு மூக்குச் சதை காபிப்பொடி நிறத்துல தடிச்சு உரியுது, அதுவும் மைட்டா? அடுத்து, மற்ற ஜோடிக்குப் பானையில 4 குஞ்சு. 2 வாரம் ஆன ஒண்ணுக்கு மேல் அலகு கீழ் அலகுக்கு உள்ளே போய் உட்கார்ந்திருக்கு.

---

மருந்துக்கணக்கு

பெட்டைக்குப் பழுப்பு நிறத்தில் தடித்து உரிவது முட்டைப் பருவத்து ஹார்மோன். மூக்குத்துளை அடைபடாதவரை விட்டுவிடுங்கள். நீல மூக்குள்ள ஆணுக்குப் பழுப்பாக மாறினால்தான் கவலைப்பட வேண்டும். விரைக்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லூரிக்குப் போகும்போது பானையில் குஞ்சு இருப்பதையும் சொல்லுங்கள். மைட் குஞ்சுப் பருவத்திலேயே தாயிடமிருந்து ஒட்டி, மாதக்கணக்கில் தெரியாமல் இருந்து, உடம்பு தளரும்போது கிளம்பும். இந்த ஈடு வெளியே வந்ததும் பானையை உடைத்துப் போட்டுவிடுங்கள், மண்பானையின் நுண்துளைகளைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது.

இன்னொன்று, உலர்ந்த எச்சத்தைக் கூட்டிப் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுங்கள். சிட்டகோசிஸ் என்ற கிளிக்காய்ச்சல் அந்தத் தூசியில்தான் மனிதருக்கு வரும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் விடாமல் இருந்தால், பறவை வளர்ப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

---

பானைஜோடி

குஞ்சு அலகுக்கு இப்பவே கை வைக்கணும் சார், 2 வாரம்னா இன்னும் இளசாத்தான் இருக்கும். பெட்டை ஊட்டுற கூழ் மேல் அலகுக்கு அடியில, அண்ணத்துல அப்பிக் காய்ஞ்சுடும். அது கெட்டியானா மேல் அலகு முன்னால வளர முடியாம உள்ளே மடங்கிடும்.

வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு அலகை ஒரு நிமிஷம் ஊற வைங்க. தீக்குச்சியோட மருந்தில்லாத முனையை மழுக்கிட்டு, அண்ணத்துல ஒட்டினதை உள்ளேர்ந்து வெளியே தள்ளி எடுங்க. பல்குச்சி வேண்டாம், குத்திடும். தண்ணி தொண்டைக்குள்ள இறங்காம குஞ்சோட தலையைக் கொஞ்சம் கீழே சாய்ச்சுப் பிடிங்க. அப்புறம் அதே குச்சியால மேல் அலகை மெதுவாத் தூக்கிக் கீழ் அலகுக்கு வெளியே கொண்டுவந்து 10, 15 விநாடி பிடிச்சு விடணும். ஒரு நாளைக்கு 4, 5 தடவை, ஒரு வாரம் பத்து நாள். குஞ்சு பானையை விட்டு வெளியே வர்றது சுமார் 5 வாரத்துல, அதுக்குள்ள அலகு இறுகிடும், அப்புறம் திருத்த முடியாது, ஆயுசுக்கும் தேய்ச்சுவிட்டுக்கிட்டே இருக்கணும்.

மத்த 3 குஞ்சோட அலகையும் தினம் திறந்து பாருங்க. கூடவே கால்விரலையும். பானைத் தரையில எச்சம் உருண்டையா இறுகி நகத்துல ஒட்டியிருக்கும், பிடிச்சு இழுத்தா நகம் கையோட வந்துடும். அதையும் ஊற வெச்சுத்தான் எடுக்கணும்.

தீனி பத்தி ஒண்ணு. கிண்ணம் நிறைஞ்சிருக்குன்னு விட்டுடாதீங்க, மேலே இருக்கிறது வெறும் உமி. தினம் ரெண்டு தடவை ஊதிட்டுப் பாருங்க, குஞ்சுக்கு ஊட்டுற ஜோடிக்கு இது ரொம்ப முக்கியம். சூரியகாந்தியை நிறுத்திட்டு தினை, சாமை, கம்பு கலந்து வைங்க. முருங்கைக்கீரையும் துருவின கேரட்டும் தினம் கொஞ்சம். கடல் நுரையைக் கொத்தலைன்னா கத்தியால சுரண்டி அந்தப் பொடியைக் கீரை மேல தூவுங்க.