சோட்டோ இல்லாத யாங்கீஸ்: 2025-க்கு முன் எந்தக் குறையை முதலில் தீர்க்க வேண்டும்?

கேள்வி (2024 டிசம்பர்):
அமெரிக்க பேஸ்பாலில், நியூயார்க் யாங்கீஸின் மட்டையாளர் ஹுவான் சோட்டோ 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் மெட்ஸ் அணிக்குச் சென்றுவிட்ட நிலையில், யாங்கீஸ் அணி அடுத்த பருவத்துக்கு முன் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கருதுகிறீர்கள்? 2024-இல் 41 ஹோம் ரன்கள் (எல்லைக்கு வெளியே போகும் அடிகள்) அடித்ததோடு, 129 முறை வாக் (நான்கு தவறான பந்துகளால், அடிக்காமலே ஓட்டப் பாதையின் முதல் தளமான முதல் பேஸுக்குச் செல்வது) பெற்று, தமக்கு அடுத்து ஆட வரும் ஆரன் ஜட்ஜுக்காக பேஸில் காத்து நின்றவர் அவர். அவருக்கு நிகரான மட்டையாளர் ஒருவரைத் தேடுவதே வழி என்று எனக்குப் படுகிறது.

பதில் 1:
எனக்கு அதில் உடன்பாடில்லை. பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரில், டாட்ஜர்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் யாங்கீஸ் 5-0 என்று முன்னிலையில் இருந்தபோது, ஐந்தாவது இன்னிங்ஸில் ஜட்ஜ் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆண்டனி வோல்பி மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து பிசகியது. முதல் பேஸுக்கு ஓடியிருக்க வேண்டிய பிட்சர் (பந்துவீச்சாளர்) கெரிட் கோல் ஓடவில்லை. அந்த ஒரே இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஐந்து ரன்களையும் எடுத்துச் சமன்செய்து, இறுதியில் 7-6 என்று வென்று கோப்பையையும் கொண்டுபோனார்கள். அன்று சோட்டோவும் அணியில் இருந்தார். மட்டை பலத்துக்குக் குறைவில்லை. இப்போது 8 ஆண்டுகளுக்கு 21.8 கோடி டாலர் கொடுத்து அழைத்துவந்திருக்கும் மேக்ஸ் ஃபிரீட், எதிரணியினரைத் தரையோடு உருளும் பந்துகளை அடிக்க வைத்து அவுட் எடுக்கும் இடதுகை பிட்சர். பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டில் கைகள் உறுதியாக இல்லாவிட்டால் அந்தப் பணத்தின் முழுப் பயன் கிடைக்காது.

பதில் 2:
மேலே சொன்னதை ஒட்டியே சேர்க்கிறேன். முதல் பேஸில் நின்ற ஆண்டனி ரிஸோ காயங்களால் 92 ஆட்டங்களே ஆடி 8 ஹோம் ரன்கள் மட்டும் அடித்தார்; அவரது ஒப்பந்தம் நீட்டிக்கப்படாததால் முதல் பேஸ் காலியாக இருக்கிறது. இரண்டாம் பேஸில் நின்ற கிளேபர் டோரஸின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. ஜூலையில் வந்த ஜாஸ் சிஸம், பழக்கமில்லாத மூன்றாம் பேஸில் நின்று சமாளித்தார். அவரை அவருக்கு ஏற்ற இரண்டாம் பேஸுக்கு மாற்றி, மற்ற இரு இடங்களுக்கும் நன்றாகப் பந்து பிடிப்பவர்களைக் கொண்டுவர வேண்டும். பந்துவீச்சில் எனக்கு அவ்வளவு கவலையில்லை. பிட்சர் லூயிஸ் கில் 2024-இல் அமெரிக்கன் லீக் பிரிவின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானவர். கடைசி இன்னிங்ஸைக் காக்க லூக் வீவர் இருக்கிறார்.

கேள்வி கேட்டவர்:
இன்ஃபீல்டைப் பற்றி நீங்கள் இருவரும் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பேஸ்களுக்கு அப்பாலுள்ள அவுட்ஃபீல்டில் சோட்டோ நின்ற வலப்பக்கத்துக்கு ஜட்ஜ் திரும்பினால், நடுவில் யார் நிற்பது? 21 வயதான ஹேசன் டொமிங்கெஸை அங்கே நிறுத்துவது அவர்மீது அதிகச் சுமையை ஏற்றுவதாகும். ஆகவே நடுவில் நன்றாக ஓடிப் பிடிக்கக்கூடிய, ஓரளவு அடிக்கவும் தெரிந்த இடதுகை மட்டையாளர் ஒருவரே என் முதல் தேர்வு; யாங்கீ ஸ்டேடியத்தின் வலப்பக்க எல்லை ஓரத்தில் 314 அடிதான், இடதுகையர் பெரும்பாலும் அந்தப் பக்கமே அடிப்பார்கள் என்பதால் அத்தகையவருக்கு அது கூடுதல் அனுகூலமாக இருக்கும்.