எங்கள் ஊர் இலை ஊரா, சூரியன் ஊரா? படிவம் 20 பார்த்துக் குழப்பம்

கரும்புக்காடு (கேள்வி):
அரூர் தொகுதியில் சின்ன ஊர் எங்களுடையது. ஒரே பூத், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். யாரைக் கேட்டாலும் "எம்ஜிஆர் காலத்திலிருந்து நாம இலை" என்பார்கள். பூத் வாரியான கணக்கு இணையத்தில் கிடைக்கிறது என்று தெரிந்து படிவம் 20-ஐ இறக்கிப் பார்த்தேன். 2019 ஏப்ரலில் மக்களவைக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டோம். இடைத்தேர்தலில் எங்கள் பூத்தில் இலை முந்துகிறது, மக்களவைக்குச் சூரியன். ஒரே வரிசையில் நின்ற அதே ஆட்கள்தானே? மோடி எதிர்ப்பு என்று நண்பன் ஒரே வார்த்தையில் முடிக்கிறான். எனக்கு அது போதவில்லை.

பழைய ஏஜென்ட்:
தம்பி, அன்றைக்கு மக்களவை இயந்திரத்தில் இலையே கிடையாது. தர்மபுரியைக் கூட்டணியில் பாமகவுக்கு விட்டிருந்தார்கள், மாம்பழம்தான் இருந்தது. இலைக்காரன் மாம்பழத்தை அமுக்க வேண்டும். நம் பக்கத்தில் அது லேசான காரியமா? 2012-இல் நாயக்கன்கொட்டாய் பக்கம் தலித் காலனி வீடுகள் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. காலனித் தெருவில் இரட்டை இலைக்குத் தலைமுறையாகப் போடும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய் "இந்த ஒரு தடவை மாம்பழம்" என்று கேட்க எங்கள் ஆட்களுக்கே வாய் வரவில்லை. நான் கூடப் போனவன், சொல்கிறேன். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "இலை இருந்தா சொல்லு, வரேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

தர்மபுரி மக்களவையில் திமுக ஜெயித்தது. அதே நாளில் நடந்த அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இடைத்தேர்தல் இரண்டிலும் அதிமுக ஜெயித்தது. நம் ஊர் மட்டும் விசித்திரம் இல்லை. மோடி எதிர்ப்பும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிரித்து எடுக்க உன் தாள் உதவாது.

2021-ஐயும் எடுத்துப் பார். அப்போது அரூரில் சூரியன் இல்லை, திமுக கூட்டணியில் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சிக்கு விட்டிருந்தார்கள். சூரியனையே தேடிப் பழகிய கண்ணுக்கு அரிவாள் சுத்தியல். அதிமுக மறுபடி ஜெயித்தது. அதை வைத்து "ஊர் முழுக்க இலை" என்று எழுதினால் அதுவும் அரைக் கணக்கு.

மூன்றும் தனித்தனியாக நின்றது 2024 மக்களவைத் தேர்தலில். சூரியன், இலை, மாம்பழம், எல்லாம் ஒரே இயந்திரத்தில். எந்தக் கட்சிக்கு நம் ஊரில் சொந்த ஓட்டு எவ்வளவு என்று பார்க்க அந்தத் தாள்தான் நல்லது. படிவத்தில் வேட்பாளர் பெயரை வைத்துத்தான் இருக்கும், யாருக்கு என்ன சின்னம் என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்.

தேர்தல் டூட்டி வாத்தியார்:
ஏஜென்ட் அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஊராட்சித் தேர்தலை இதில் கலக்காதீர்கள். தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. கிராமத்தில் ஒரே ஆள் நான்கு வண்ணத்தில் நான்கு சீட்டு வாங்குவார். தலைவருக்கான பிங்க் சீட்டில் பங்காளிக்குப் பூட்டு சாவியில் குத்திவிட்டு, மாவட்ட ஊராட்சிக்கான மஞ்சள் சீட்டில் கட்சிக்குக் குத்துவார். இரண்டும் அவருக்குச் சரிதான்.

எனக்கு வேறு கவலை. ஒரே பூத் உள்ள ஊரில் பூத் கணக்கு என்றால் ஊர்க் கணக்கு. "உங்க தெரு நமக்குப் போடல" என்று தார் ரோட்டை நிறுத்தினால் என்ன செய்வீர்கள்? பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசரைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே கேட்டது, சட்ட ஆணையமும் 2015-இல் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. நீங்கள் கண்டுபிடிப்பதை ஊர்ப் பெயரோடு போடாமல் இருப்பது நல்லது.

கரும்புக்காடு:
ஊர்ப் பெயரைப் போடமாட்டேன் சார். அண்ணா, சின்னத்தை நான் யோசிக்கவே இல்லை. 2024 தாளில் எங்கள் பழைய பாகம் எண்ணில் வேறு ஊர் இருக்கிறதே?

பழைய ஏஜென்ட்:
எண் மாறும் தம்பி, பூத்தைப் பிரிப்பார்கள், சேர்ப்பார்கள். எண்ணை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடப் பெயரை வைத்து அந்த வருட வாக்குச்சாவடிப் பட்டியலில் தேடு. அப்புறம் வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெரு அந்தப் பாகத்தில் வருகிறது என்று இருக்கும். ஏரிக்கரைக் கொட்டாய் உங்கள் பூத்தில் இன்னும் இருக்கிறதா என்று முதலில் பார். அது போயிருந்தால் 2019-ஓடு ஒப்பிடவே முடியாது.