ராகம் பிடிக்கப் பழக எந்தப் பாட்டில் தொடங்கலாம்? பிடித்ததைச் சொல்லுங்கள்

இரவல் ரசிகன்:

சினிமாப் பாட்டு நிறையக் கேட்பேன். கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்ததில்லை. ஸரிகமபதநி ஏறி இறங்கத் தெரியும், வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு இருக்கிறது, அவ்வளவுதான். கேட்ட மாத்திரத்தில் ராகத்தின் பெயரைச் சொல்லும் ஆசையெல்லாம் இல்லை. "இந்தச் சாயலில் வேறொரு பாட்டு கேட்டிருக்கிறோமே" என்று காது சொன்னால் போதும்.

எல்லோரும் கல்யாணியில் தொடங்கச் சொல்கிறார்கள். கல்யாணி என்று போட்டிருக்கும் பாட்டைக் கீபோர்டில் தேடினால் சங்கராபரணமாக வந்து நிற்கிறது. எந்த ராகம், எந்தப் பாட்டு, எந்த வரிசை? உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த பாட்டாக, எதைக் கவனிக்க வேண்டும் என்பதோடு சொல்லுங்கள். ஐம்பது பாட்டுப் பட்டியல் வேண்டாம்.

சுத்த தைவதம்:

கல்யாணியை இப்போதைக்கு விடுங்கள். என் பரிந்துரை சாருகேசி. காரணம் எளிது. 26ஆவது மேளம் (ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகம்). முன்பாதியில் ஸ ரி க ம ப அப்படியே சங்கராபரணம், வெளிச்சமாக இருக்கும். ப தாண்டியதும் சுத்த தைவதமும் (தாழ்ந்த த) கைசிகி நிஷாதமும் (தாழ்ந்த நி) வந்து முகம் வாடிவிடும். ஒரே பாட்டுக்குள் இந்த இரண்டு நிறமும் இருப்பதால் பழகாத காதுக்கும் சட்டென்று உறைக்கும்.

கீபோர்டில் 1 கட்டையை (C) ஸ என்று வையுங்கள். ஸ முதல் ப வரை ஐந்தும் வெள்ளைக் கட்டை. அதற்கு மேல், மூன்று கறுப்பு சேர்ந்திருக்கும் கூட்டத்தில் நடுவில் இருப்பது த, வலதோரத்தில் இருப்பது நி. பாட்டுக்குப் போகும் முன் இதைப் பத்துத் தடவை மெதுவாக ஏறி இறங்குங்கள். இறங்கும்போது நி த ப என்று வரும் இடத்தில் ஒரு ஏக்கம் தெரியும். அதுதான் நீங்கள் பாட்டில் தேட வேண்டியது.

இனி வரிசை. புதிய பாட்டிலிருந்து பழைய பாட்டுக்குப் போவது நல்லது என்பேன்.

முதலில் "காதலின் தீபம் ஒன்று" (தம்பிக்கு எந்த ஊரு, 1984). எஸ்.பி.பி. பாடியது. குரல் எங்கும் அவசரப்படாது. ஸ்வரங்கள் தனித்தனியாகக் காதில் விழும். இசைக்கருவிகளை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பின்தொடருங்கள்.

அடுத்து "தூங்காத கண்ணென்று ஒன்று" (குங்குமம், 1963). டி.எம்.எஸ்., சுசீலா, இசை கே.வி. மகாதேவன். அதே ராகம், ஆனால் இங்கே ஏக்கம்தான் முழுப்பாட்டும். என் தனிப்பட்ட வாக்கு இதற்குத்தான். சுசீலா இறங்கிவரும் இடங்களில் மேற்சொன்ன நி த ப எவ்வளவு மென்மையாக வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது "வசந்த முல்லை போலே வந்து" (சாரங்கதரா, 1958). ஜி. ராமநாதன் இசை. இங்கே டி.எம்.எஸ். குரல் ராகம் முழுக்க உலாவுகிறது. முதல் இரண்டும் காதில் ஏறாமல் இதற்கு வந்தால் பிருகாக்களில் (வேகமாக உருளும் ஸ்வரங்களில்) தொலைந்துபோவீர்கள். அதனால்தான் மூன்றாவது.

கடைசியில் "மன்மத லீலையை வென்றார் உண்டோ" (ஹரிதாஸ், 1944), பாகவதர். ஒலிப்பதிவு பழசு, தாழ்ந்த ஸ்தாயி அமுங்கித்தான் கேட்கும். ஆனால் நாற்பது வருட இடைவெளியில் வந்த ரஜினி படப் பாட்டும் இதுவும் ஒரே ராகம் என்று காது ஒத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, அதற்காகவே கேட்கலாம்.

இந்த நான்கும் ஆன பிறகு சோதனைக்கு ரஹ்மானின் "உதயா உதயா" (உதயா). ஏற்பாடு முற்றிலும் வேறு. அதிலும் ராகம் தெரிந்தால் சாருகேசி உங்கள் வசம். கச்சேரிப் பக்கம் போக மனம் வந்தால் தியாகராஜரின் "ஆடமோடி கலதே", பிறகு லால்குடி ஜெயராமனின் வர்ணம் "இன்னும் என் மனம்".

ஒரு வாரத்துக்கு ஒரே ராகம். நடுவில் வேறு ராகத்தைக் கலக்காதீர்கள்.

கட்டை 5½:

மேலே சொன்னது நல்ல வரிசை. ஆனா கேட்டவரோட சந்தேகத்துக்கு யாரும் பதில் சொல்லலையே. கல்யாணி ஏன் சங்கராபரணமா வருது? ஸ எதுன்னு தப்பா பிடிச்சா அப்படித்தான் வரும்.

கல்யாணியோட பஞ்சமத்தை (ப) ஸ-ன்னு நினைச்சுக்கிட்டு ஏறிப் பாருங்க, அச்சு அசல் சங்கராபரணம் கிடைக்கும். ஸ்வரக்கூட்டம் மாறல, தொடங்கற இடம்தான் மாறியிருக்கு. கிரக பேதம்னு சொல்றது இதைத்தான். சாருகேசியிலயும் இந்தக் குழி உண்டு: அதோட மத்யமத்தை (ம) ஸ ஆக்கினா கௌரிமனோகரி ஆயிடும், அதாவது "பாட்டும் நானே பாவமும் நானே" ராகம். ஸ தப்பினா எல்லாம் தப்பும்.

அதனால முதல் வேலை ஸ கண்டுபிடிக்கிறது. பல்லவி முடியற இடத்துல பாட்டை நிறுத்துங்க. "முடிஞ்சுது" அப்படின்னு மனசுக்குத் தோணற ஸ்வரத்தை வாயால முனகிப் பிடிச்சுக்கங்க. தம்புரா செயலியில அந்த ஸ்ருதியைப் போட்டு, பாட்டையும் கூடவே ஓடவிடுங்க. சரியான ஸ-ன்னா தம்புரா பாட்டுக்கு அடியில படுத்துக்கும். தப்புன்னா முழுப்பாட்டும் அந்தரத்துல தொங்கற மாதிரி இருக்கும். பல்லவி எப்பவும் ஸ-விலேயே முடியும்னு கிடையாது. ப-விலயோ க-விலயோ நிக்கறதும் உண்டு. பொருந்தலைன்னா அந்த ரெண்டையும் கணக்குல வச்சு மறுபடி தேடுங்க.

இளையராஜா பாட்டுல இன்னொரு சிக்கல். பேஸ் கிட்டார் ஸ-விலேயே நிக்காது, அது தனியா ஒரு மெட்டு வாசிச்சுட்டுப் போகும். அடியில கேக்கற ஸ்வரத்தை ஸ-ன்னு எடுத்துட்டா கதை முடிஞ்சுது. குரல் எங்க வந்து இளைப்பாறுதுன்னு மட்டும் பாருங்க.

அப்புறம், எந்தப் பதிவைக் கேக்கறீங்கங்கறதும் முக்கியம். இணையத்துல யாரோ ஏத்தின பழைய பாட்டு பலது வேகம் மாறினது. கேசட் டெக் கொஞ்சம் வேகமா ஓடி பதிவாகியிருக்கும், இல்ல காப்புரிமைச் சோதனையில சிக்காம இருக்க ஸ்ருதியை ஏத்தியிருப்பாங்க. 6 சதவீதம் வேகம் கூடினா கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிடும். முழுசா அரைக் கட்டை ஏறினா பரவாயில்ல, கீபோர்டுல பக்கத்துக் கட்டைக்குப் போயிடலாம். 3 சதவீதம்தான் ஏறியிருக்குன்னா ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்கும், எதுலயும் பொருந்தாது. குத்தம் உங்க காதுல இல்ல. இசை நிறுவனமே வெளியிட்ட பதிவை எடுங்க, இல்ல கீபோர்டோட டியூனிங்கைக் கொஞ்சம் நகர்த்துங்க.

கல்யாணிக்கு நான் சொல்ற பாட்டு "கலைவாணியே" (சிந்து பைரவி, 1985). யேசுதாஸ். முழுக்க ஆரோகணத்துலயே அமைச்ச மெட்டு. இறங்குவரிசையே கிடையாது, ஒவ்வொரு வரியும் ஏறிக்கிட்டே போகும். படிக்கட்டு எண்ற மாதிரி ஸ்வரம் எண்ணலாம். அது ஆனதும் "ஜனனி ஜனனி" (தாய் மூகாம்பிகை, 1982), அப்புறம் "சுந்தரி கண்ணால் ஒரு சேதி" (தளபதி, 1991). கவனிக்க வேண்டியது ஒரே ஒரு ஸ்வரம்: ம. கல்யாணியோட ம பஞ்சமத்தை ஒட்டிக்கிட்டு மேல இழுக்கும். சங்கராபரணத்தோட ம காந்தாரத்துப் (க) பக்கம் சாயும். ஒப்பிட்டுப் பாக்க தீட்சிதரோட நோட்டுஸ்வரம் "சக்தி ஸஹித கணபதிம்" போட்டுக் கேளுங்க. மேல்நாட்டு மெட்டு, கமகமே (ஸ்வரத்தை அசைச்சுப் பாடறது) இருக்காது, ம பளிச்சுன்னு தெரியும்.

இரவல் ரசிகன்:

பஞ்சமத்தை ஸ என்று எடுத்ததுதான் தவறு என்று இப்போது புரிகிறது. ஒரு துணைக்கேள்வி. "கண்கள் இரண்டால்", "சின்னக் கண்ணன் அழைக்கிறான்" இரண்டும் ஒரே ராகம் என்கிறார்கள். அந்த ராகத்தின் ஸ்வரங்களை வரிசையாகக் கீபோர்டில் வாசித்தால் இரண்டு பாட்டுமே நினைவுக்கு வரவில்லை. ஏன்?

பழைய ஸ்பூல்:

வராது. ரீதிகௌளை வரிசையாக ஏறி இறங்கும் ராகமில்லை. கரஹரப்பிரியாவின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), அதன் ஏழு ஸ்வரமும் இதில் உண்டு. அவற்றை நேராக அடுக்கி வாசித்தால் கரஹரப்பிரியாதான் கேட்கும். வளைந்து வளைந்து போகும் பிடிகளில்தான் (சின்னச் சின்ன ஸ்வரக் கோவைகளில்தான்) ரீதிகௌளையின் உயிர் இருக்கிறது. இவற்றை வாசியுங்கள்:

ஸ க ரி க ம
க ம நி நி ஸ
நி த ம
க ம ப ம க ரி ஸ

1 கட்டை ஸ என்றால் க-வும் நி-யும் கறுப்பு, மற்றவை வெள்ளை. "நி த ம" என்று பஞ்சமத்தைத் தாண்டி நேராக ம-வுக்குக் குதிப்பதை நூறு தடவை வேண்டுமானாலும் வாசியுங்கள். அது காதில் பதிந்துவிட்டால் மீதி தானாக வரும்.

பாட்டு வரிசை எனக்குப் பட்டபடி: முதலில் "சின்னக் கண்ணன் அழைக்கிறான்" (கவிக்குயில், 1977). பாலமுரளிகிருஷ்ணா பாடியது, ராகத்தின் இலக்கணமே அதில் இருக்கிறது. சினிமாவில் ரீதிகௌளைக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் கட்சி. அடுத்து "தலையைக் குனியும் தாமரையே" (ஒரு ஓடை நதியாகிறது, 1983). இதுவும் இளையராஜா, இதே ராகம், ஆனால் நடை காதல் பாட்டு நடை. பிறகு "கண்கள் இரண்டால்" (சுப்ரமணியபுரம், 2008), ஜேம்ஸ் வசந்தன். கடைசியாக "அழகான ராட்சசியே" (முதல்வன், 1999). தாளமும் சொற்களும் கிராமத்துப் பாட்டு மாதிரி இருப்பதால் ராகம் உள்ளே ஒளிந்துகொள்ளும். அதனால்தான் காலவரிசையை மாற்றிக் கடைசியில் வைத்தேன்.

குழப்பம் வருவது ஆனந்தபைரவியோடு. இரண்டும் ஸ க ரி க ம என்றே தொடங்கும். பஞ்சமத்தைக் கவனியுங்கள். ஆனந்தபைரவியில் பாடகர் ப-வில் சாவகாசமாக நிற்கலாம். ரீதிகௌளையில் ப வழிப்போக்கன்தான்; ம-வுக்கும் ம-வுக்கும் நடுவே தொட்டுவிட்டுப் போய்விடும்.

கீபோர்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கமகம் அதில் வராது. ஸ்வரத்தின் இடத்தைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ராகத்தின் சாயலை வாயால் முனகித்தான் பழக வேண்டும்.

சுத்த தைவதம்:

ஸ்பூல் சொன்னதற்கு இன்னொரு சாட்சி தர்பாரி கானடா. ஸ்வரங்களை மட்டும் எடுத்துக் கீபோர்டில் அடுக்கினால் நடபைரவி என்றுதான் வரும். அதே ரி, அதே க, அதே த, அதே நி. ஆனால் "ஆகாய வெண்ணிலாவே" (அரங்கேற்ற வேளை, 1990), "கல்யாணத் தேன்நிலா" (மௌனம் சம்மதம், 1990), "மலரே மௌனமா" (கர்ணா, 1995) மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். க-வையும் த-வையும் மெதுவாக அசைத்து நிறுத்துவது, "த நி ப" என்றும் "க ம ரி ஸ" என்றும் வளைந்து இறங்குவது, இவைதான் அடையாளம். இரவில் கேட்க மூன்றில் ஒன்று மட்டும் என்றால் "மலரே மௌனமா". வித்யாசாகர் நிறைய இடம் விட்டிருக்கிறார், எஸ்.பி.பி., ஜானகி இருவரின் அசைவும் முழுதாகக் கேட்கும்.

கட்டை 5½:

வேகத்தைக் குறைச்சுக் கேக்கற வசதி இப்ப பல செயலியில இருக்கு. 75 சதவீதத்துல வச்சு, ஸ்ருதி மாறாம இருக்கான்னு பாத்துக்கங்க. 50 சதவீதத்துக்குக் கீழ போனா குரல் கரகரன்னு ஆகி அசைவே தெரியாது. குரலை மட்டும் பிரிச்சுத் தர்ற செயலிகளும் இதே மாதிரிதான்: நேரா நிக்கற ஸ்வரம் சுத்தமா வரும், கமகம் வழிஞ்சு போயிடும். வயலினும் புல்லாங்குழலும் குரலோடவே வர்ற பாட்டுல அதையும் குரல்னு நினைச்சு ஒட்டவச்சிடும்.

இணையத்து ராகப் பட்டியல்களைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. சரணத்துல ராகம் மாறற பாட்டை ஒரே பேருல போட்டிருப்பாங்க. பல்லவிக்கு மட்டும் ஸ்வரம் பாருங்க, அப்புறம் சரணத்துக்குத் தனியா பாருங்க. பொருந்தாத ஸ்வரம் ஒண்ணு அடிக்கடி வந்தா பட்டியல் தப்பு. எப்பவாவது ஒரு தடவை எட்டிப் பாத்தா அது இசையமைப்பாளர் வேணும்னே வச்சது.

இரவல் ரசிகன்:

அப்படியென்றால் முதல் வாரம் சாருகேசி, தம்புரா செயலியோடு. இரண்டாவது வாரம் "கலைவாணியே", நோட்டுஸ்வரம் இரண்டையும் வைத்து ம மட்டும். ரீதிகௌளை அதற்குப் பிறகு. சாருகேசியில் டூயட் அல்லாமல் பெண் குரல் மட்டும் பாடிய பழைய பாட்டு ஏதாவது உண்டா?

பழைய ஸ்பூல்:

"ஆடல் காணீரோ" (மதுரை வீரன், 1956). எம்.எல். வசந்தகுமாரி, இசை ஜி. ராமநாதன். கச்சேரிப் பாடகியின் குரல் என்பதால் ஸ்வரம் வைரம் மாதிரி விழும். "வசந்த முல்லை"க்கு முன்னால் இதைச் செருகிக்கொள்ளுங்கள்.