மணியாச்சியில் கேட்ட கேள்வி: வாஞ்சி தீவிரவாதியா?

செங்கோட்டைக்காரன்:
நேத்து வாஞ்சி மணியாச்சி சந்திப்புல வண்டிக்கு நின்னுக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு கல்லூரிப் பையன், "அண்ணாச்சி, வாஞ்சி தீவிரவாதிதானே?"ன்னு கேட்டான். எனக்குச் சட்டுனு பதில் வரல. 1911 ஜூன் 17, இதே இடத்துல ரயில் பெட்டிக்குள்ள இருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுட்டு, நடைமேடைக் கழிப்பறைக்குள்ள போய்த் தன்னையும் சுட்டுக்கிட்டாரு. எங்க ஊர்க்காரர். எனக்கு அவர் போராளிதான்.

பாளைவாசி:
அவர் சட்டைப்பையில இருந்த கடிதத்தை முழுசாப் படிச்சீங்களா அண்ணாச்சி? ஜார்ஜ் மன்னனைத் திட்ட அவருக்குக் கிடைச்ச வார்த்தை, மாட்டுக்கறி திங்கிற பஞ்சமன். தீண்டத்தகாதவன்னு அர்த்தம் வர்ற அதே வார்த்தையைச் சொல்லித்தான் எங்க தாத்தாவை அக்ரகாரத்துப் பக்கம் நடக்கவிடல. அவங்க கேட்ட சுதந்திரத்துல எங்களுக்கு இடம் எங்க இருந்துச்சு?

செங்கோட்டைக்காரன்:
அந்த வார்த்தைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா வாஞ்சி சேர்ந்திருந்த ரகசியச் சங்கமான பாரத மாதா சங்கத்து மேல போட்ட வழக்குல பிராமணர் மட்டுமில்ல, பிள்ளைமாரும் இருந்தாங்க. 1908ல வ.உ.சி.யைப் பிடிச்சதும் நெல்லையில நாலு உயிர் போச்சே, அந்தக் கோபமும் அவங்களுக்குள்ள இருந்துச்சு.

துறைமுகத்தான்:
நாலு பேர் செத்தப்போ நெல்லைக் கலெக்டர் விஞ்ச் வே. ஆஷ் அப்போ தூத்துக்குடியில சப்-கலெக்டர். சுதேசிக் கப்பலை ஒடுக்கினதுல அவனுக்குப் பங்கு உண்டு, அதைச் சொல்லுங்க.

எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. காளி படத்துக்கு முன்னால குங்குமத் தண்ணி குடிச்சாங்க, கட்டைவிரலைக் கீறி ரத்தத்துல கையெழுத்து வச்சாங்கன்னு நாம சொல்லுறது எல்லாம் யார் வாய்ல வந்தது? அப்ரூவர் ஆனவங்க, அதாவது கூட்டத்துல இருந்துட்டு அரசுத் தரப்புச் சாட்சியா மாறினவங்க வாய்ல. உயிருக்குப் பயந்தவன் போலீஸ் கேக்கிறதைத்தானே சொல்லுவான்? கடிதத்துல மூவாயிரம் பேர் சபதம்னு இருக்கு, கூண்டுல நின்னது 14 பேர். சங்கம் தன்னைப் பெரிசாக் காட்டுச்சு. உளவுப் போலீசுக்கும் பெரிய சதி இருந்தாத்தான் வேலை. புதுச்சேரியில பாரதி, வ.வே.சு. ஐயர் வீட்டு வாசல்ல வருஷக்கணக்கா ஆள் போட்டாங்க. ஐயர் வீட்டுக் கிணத்துல ராஜத்துரோகக் காகிதம் அடைச்ச ஜாடியைப் போலீஸ் ஆளுங்க போட்ட கதை இன்னிக்கும் பேசுறாங்க. பாரதி சொன்ன யோசனைப்படி, அவங்களே பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் சொல்லித் தப்பிச்சாங்களாம். அப்படிப்பட்ட போலீஸ் எழுதி வச்ச கோப்பை வச்சு ஒரு கூட்டத்தோட குணத்தை எப்படி அளக்க?

பாளைவாசி:
கிணத்து ஜாடியைப் போலீஸ் போட்டிருக்கலாம். அப்ரூவரும் பொய் சொல்லியிருக்கலாம். கடிதத்தை எந்தப் போலீசும் எழுதல அண்ணாச்சி. சாகப் போறவன் தன் கைப்பட எழுதினது. அவர் மனசு என்னன்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்தக் கடிதத்துல எங்க பங்குக்கு வந்த வாக்கியம் அது.

செங்கோட்டைக்காரன்:
நீங்க சொல்லுறது சரிதான் தம்பி, அதை மறுக்க எனக்கு வழியில்ல. இப்பவும் எனக்கு அவர் போராளிதான், அதுலயும் மாத்தமில்ல. அந்தப் பையன் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். கடிதத்தை முழுசா அனுப்புறேன், அந்த வரியை வெட்டாம.